மஞ்சள் கோட்டுக்கு வெளியே

சித்த அக்கட்ட நகந்துக்கோ கண்ணு. பையில பூ இருக்குது, நசுங்கிரும். கீழ வெச்சா யாராச்சும் மிதிச்சுப்போடுவாங்க, மடியிலயே இருக்கட்டும். இந்த பஸ்ஸு சூலூர் ஊருக்குள்ள போயிட்டுப் போகுமா, நேரா போயிருமா? உள்ள போகுமா? போச்சு. நான் ஒண்டிப்புதூர்ல எறங்கணும். எறங்கி ஆட்டோ புடிச்சுப் போறதுக்குள்ள அவரு சுவிட்சப் போட்டுட்டார்னா என்ன பண்றது?

அவருன்னா என்ற வீட்டுக்காரரு. சென்னியப்பன்னு பேரு. இன்னைக்கு ஒரு மிஷினை மொத மொதல்ல ஓட்டறாரு. அதுக்கு முன்னால நான் போயி இந்த மாலையை அதுல கட்டிப்போடணும். கட்டிட்டேன்னா அவருக்கு ஒண்ணும் ஆவாது. கட்டாம வுட்டா என்ன ஆகும்னு தெரியாது, அதுதான் பயமே. நீ சிரிக்காத. உன்ற வயசுல நானும் எதுக்கும் பயந்தவ இல்ல.

உன்ற கழுத்துல தொங்கறது மில்லு கார்டா? ஷிப்டுக்குப் போறயா? சரி, அப்ப உனக்கு மிஷின்னா என்னன்னு தெரியும், சொல்றேன் கேளு. எங்களது நூல் மிஷின் இல்ல. இரும்பு அறுக்கற, குடையற மிஷினு. கம்ப்யூட்டர்ல ஓடறது, சி.என்.சி.ம்பாங்க. அதுல பழசு நெறைய இருக்குது கோயமுத்தூர்ல. ஒடம்பு இரும்பு, நூறு வருசம் நிக்கும். தலைக்குள்ள இருக்கற எலக்ட்ரானிக்ஸ்தான் செத்துப்போயிரும். அந்தக் கம்பெனிக்காரனே இப்ப அந்த போர்டைப் பண்றதில்ல. அப்ப என்ன பண்றது? எடைக்குப் போடறது, இல்லாட்டி பழைய வயரையெல்லாம் புடுங்கி எறிஞ்சுட்டு, புது மோட்டாரு, புது டிரைவு, புது கண்ட்ரோலருன்னு மாட்டி எழுப்பி உக்கார வெக்கறது. அதுதான் அவரு வேலை. ரெட்ரோபிட்டுன்னு சொல்லுவாங்க.

பொறந்ததுல இருந்தே தெரிஞ்ச வேலைன்னு நெனச்சுக்காத. அவரு பேரிங் மாத்தறவரு, கையெல்லாம் கிரீஸ் ஆளு. கரண்டுன்னா டியூப்லைட் மாட்டத் தெரியும், அவ்வளவுதான். இருந்த கம்பெனிய மூடிட்டாங்க. பொறவுதான் பழைய இரும்புக் கடையில கெடந்த ஒரு மில்லிங் மிஷினைக் கொண்டாந்து எங்க ஷெட்டுல எறக்குனாரு. இதுல கத்துக்கறேன் ருக்கு, இதை ஓட்டிட்டேன்னா ஊர்ல இருக்கற எல்லா மிஷினையும் ஓட்டிருவேன்னாரு. அந்த மிஷினப் பாத்த அன்னைக்கே எனக்குப் புடிக்கல. எந்த ஊர்ல யாரு கையில இருந்துச்சோ, யாரைக் காவு வாங்குச்சோ, என்னத்துக்கு எடைக்குப் போட்டானோ. சொன்னேன். கேக்கல.

நானும் சேந்துதான் கத்துக்கிட்டேன், அதைச் சொல்லணுமல்லோ. அந்தப் பழைய பேனலைத் தொறந்தா எலி கூடு கட்டுன மாதிரி வயரு. ஒவ்வொரு வயரு முனையிலயும் சின்னதா நம்பர் போட்ட ஒரு கொழா மாட்டியிருக்கும். எண்ணெய் புடிச்சு, கருத்து, எழுத்தே தெரியாது. அவருக்குக் கிட்டப் பார்வை போயிருச்சு. அதனால நாந்தேன் ஒவ்வொண்ணா மண்ணெண்ணெய்த் துணியில தொடச்சுத் தொடச்சுப் படிப்பேன். அவரு புடுங்குவாரு. புதுசு மாட்டறப்பவும் நாந்தேன் படிப்பேன். நூத்திப் பதினாலு. மாட்டிட்டேன். நூத்திப் பதினஞ்சு. மாட்டிட்டேன். சமையக்கட்டுல இருந்து எனக்கு விடுதலை கெடச்ச மாதிரி இருந்துச்சு கண்ணு. எந்த வயரு எதுக்குப் போகுதுன்னு கேட்டா தெரியாது. நம்பரு மட்டும் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.

ஆனா பயம் உண்டு. மோட்டாருக்குக் கரண்டை அளந்து குடுக்கற டிரைவுன்னு ஒரு டப்பா இருக்குதே, கரண்டை நிறுத்துன பொறவும் அதுக்குள்ள கரண்டு உக்காந்திருக்கும். ஒருநா மெயினை நிறுத்திட்டோமேன்னு அவரு கை வெச்சாரு. சோத்துமூட்டை வுழுகற மாதிரி செவுத்துல போயி வுழுந்தாரு. இன்னொரு நா என்னமோ தலைகீழா மாட்டி, டப்புன்னு வெடிச்சு, ஷெட்டு பூரா புகை. நான் பக்கத்து வீட்டு வாசல்ல நிக்கறேன், எப்படி அங்க போனேன்னு எனக்கே தெரியல. அவரு மிரளவே இல்ல. சட்டையில பொகை நாத்தத்தோட, ‘கத்துக்கறப்ப நாலு போகத்தான் செய்யும்’னாரு.

அதுக்கப்புறந்தான் சிக்கந்தர் பாய் வந்தாரு. பழைய கம்பெனியில எலக்ட்ரானிக்ஸ் பாத்த ஆளு. உக்கடத்துல வீடு. சென்னி, நீ செத்துக்கித்துப் போயிருவ, நானும் வர்றேன்னு மீட்டரைத் தூக்கிட்டு வந்துட்டாரு. இவரு இரும்பு பாக்க, அவரு எலக்ட்ரானிக்ஸ் பாக்க, நான் நம்பர் படிக்க. நல்லாத்தான் போச்சு. மத்தியானம் மூணு பேரும் ஒண்ணாச் சாப்புடுவோம். என்ற கொள்ளுப் பருப்புன்னா பாயிக்கு உசுரு. தங்கச்சி தங்கச்சின்னு கூப்புடுவாரு. நானும் நம்புனேன். இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது.

டிரைவரண்ணா என்ன இப்படி உருட்டறாரு? மாட்டு வண்டி தேவலை.

ஆங், எங்க வுட்டேன்? மிஷின் முடிஞ்சுது. ஆயுத பூசைக்குச் சரியா முடிஞ்சுது. அன்னைக்கு பூசை போட்டோம். அன்னைக்கு எந்தச் சாமானத்தையும் தொடக்கூடாதல்ல, அதனால அடுத்த நா விஜயதசமிக்கு நல்ல நேரத்துல ஓட்டறதுன்னு நாந்தேன் சொன்னேன். நம்ம வாழ்க்கையே அதுலதான இருக்குது. காலண்டரைப் பாத்து நேரத்தையும் நானே குறிச்சேன். காலையில எந்திரிச்சு கேசரி கிண்டி, சுண்டல் தாளிச்சு, பட்டுச்சேலை கட்டிப் போயி நின்னா, இவரு என்னங்கறாரு? ‘ருக்கு, டேபிளைத் தள்ளற மோட்டாரைக் கழட்டிக் கீழ வெச்சு, தனியா ஒருக்கா சுத்த வுட்டுப் பாத்தறேன்’ங்கறாரு. எல்லாம் மாட்டி, பொட்டு வெச்ச பொறவு கழட்டறதா? அதுக்குக் கழட்ட ஒரு மணி நேரம், மாட்ட ஒரு மணி நேரம். ராகுகாலம் வந்துரும். அபசகுனமால்ல இருக்குது? நான் போட்டேன் ஒரு சத்தம். பாயி என்னமோ சொல்ல வாயெடுத்தாரு. இது எங்க வூட்டு விசேசம், நீங்க சும்மா இருங்கன்னேன். ரெண்டு ஆம்பளைங்களும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. சரின்னுட்டாங்க.

மாலை வாங்கியிருந்தேன். செவ்வந்தியும் சம்பங்கியும் வெச்சு, ஆளு ஒசரத்துக்கு. இதைவிடக் கனம். அதை எங்க மாட்டறது? மிஷின் மொகம் பூரா வழுவழுன்னு தகரம். ஆணி அடிக்க வுடமாட்டாரு, புது பேனலு. ஸ்கிரீன் மேல போட்டா வழுக்கிட்டு வந்துருது. அப்பத்தான் பாத்தேன், பேனல்ல ஒரே ஒரு செவப்புக் குமிழு தனியா வெளிய நீட்டிட்டு இருந்துச்சு. தலை பெருசா, கழுத்து சின்னதா, காளான் கணக்கா. மாலை மாட்டறதுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி. அதுல மாட்டி, கனத்துல கழண்டு வுழுந்தா அபசகுனம்னு, மாலை கட்டியிருந்த கயிறை அந்தக் கழுத்துல நல்லா மூணு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டேன். எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா. போட்டோ இருக்குது போன்ல, பொறவு காட்டறேன்.

பொறவு எலுமிச்சங்காய். புது வண்டி எடுத்தாச் சக்கரத்துக்கு அடியில வெச்சு நசுக்கறமல்ல, அது மாதிரி. மிஷினுக்குச் சக்கரம் இல்ல, அறுக்கற இரும்பை வெக்கற டேபிள்தான் முன்னால பின்னால நகரும். அதனால டேபிள் வந்து நிக்கற கோடியில ஒரு காயை வெச்சேன். அது வந்து நசுக்கட்டும்னு.

அவரு பட்டனை அழுத்தறாரு. நான் கும்புடறேன். அந்நேரம் பாத்து காயி உருண்டு உள்ள போயிருச்சு. சகுனம் கெட்டுப்போகுமேன்னு குனிஞ்சு கையை உள்ள வுட்டேன். வலது கை. மணிக்கட்டு வரைக்கும் உள்ள.

கண்ணு, நீ எப்பவாச்சும் ஒரு மிஷின் தானா ஓடிப் பாத்திருக்கயா? மெதுவா ஒரு விரக்கடை நகரணும் அது. அப்படித்தான் அவரு போட்டிருந்தாரு. அது நகரல, பாஞ்சுது. அப்பேர்ப்பட்ட இரும்பு, ஒரு மாடு எடைக்கு மேல இருக்கும், வர்ற சத்தமே வேற. எனக்குக் கை எடுக்கணும்னு தோணல. கத்தத் தோணல. கொண்டையில இருந்து பாதம் வரைக்கும் அப்படியே உறைஞ்சு போயிட்டேன்.

அவரு அந்தச் செவப்புக் குமிழை அழுத்தறாரு. அழுத்தறாரு, அழுத்தறாரு, அது நிக்கல. அவ்வளவு வெறி அந்த மிஷினுக்கு. வலது கையில அதை அடிச்சுக்கிட்டே எடது கையை இந்தப் பக்கம் நீட்டி, என்ற கையைத் தட்டி வுட்டாரு. என்ற கை வெளிய வந்துருச்சு. அவரு கை அங்க இருந்துச்சு.

ரெண்டு வெரலு. மோதிர வெரலும் சுண்டு வெரலும்.

பின்னால பாயி எதையோ தடால்னு எறக்குன சத்தம் கேட்டுச்சு. அப்பத்தான் நின்னுச்சு மிஷினு. அம்மன்தான் நிறுத்துனா. அந்த மாலை மட்டும் இல்லைன்னா அன்னைக்கு முழுக் கையும் போயிருக்கும், ஆளே போயிருக்கும். அந்த நம்பிக்கையிலதான் கண்ணு நான் ஒடம்புல உசுரோட இருக்கேன்.

கேளு, இனிதான் விசயமே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறோம். ஸ்ட்ரெச்சர்ல படுத்துட்டே இவரு பாயி காதுல என்னமோ சொல்றாரு. பாயி உடனே கெளம்பிப் போயிட்டாரு. நானும் வெரலைத் தேடி எடுத்துட்டு வரப் போறாராட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். பொழுதோட நான் துணி எடுக்க வூட்டுக்கு வந்து ஷெட்டை எட்டிப் பாத்தா, மாலை கீழ கெடக்குது. கழட்டி வெக்கல கண்ணு. அறுத்துப் போட்டிருக்குது. அந்தக் குமிழு கழுத்துல சுத்துன கயிறை வயரு வெட்டற கட்டர்ல துண்டு துண்டா நறுக்கி எறிஞ்சிருக்குது. சாமிக்குப் போட்டதை! ரத்தம் காயறதுக்கு முன்னால!

பாயைக் கேட்டேன். ஏன் வெட்டுனீங்கன்னு ஆஸ்பத்திரி வராண்டாவுல அத்தனை பேரு முன்னால கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. தப்பு பண்ணாதவன் எதுக்குத் தலை குனியறான்? எங்க சாமி உங்களுக்கு ஆகாதுன்னா வெளிய நின்னிருக்கணும், எதுக்கு எங்க ஷெட்டுக்குள்ள வந்தீங்கன்னேன். இன்னும் நெறையச் சொன்னேன். கோவம். பயம். எனக்கு அன்னைக்கு யாரையாச்சும் கடிக்கணும் போல இருந்துச்சு. அதுக்கப்புறம் அவருக்கு என்ற கையால பச்சத் தண்ணி குடுத்ததில்ல. அவரு இன்னைக்கும் வர்றாரு, இவரோடயேதான் வேலை செய்யறாரு. வெளியவே டிபன் வாங்கித் திங்கறாரு. நான் மொகத்தைக்கூடப் பாக்கறதில்ல.

இவரு? இவரு என்ன சொன்னாரு தெரியுமா? எல்லாம் என்ற தப்புன்னுட்டாரு. மோட்டாரு எந்தப் பக்கம் சுத்துதோ, கம்ப்யூட்டரும் அதே பக்கம்னு நெனைக்கணுமாம். அது மாறிக் கெடந்துச்சாம். மாறிக் கெடந்தா, கம்ப்யூட்டரு நிறுத்தறேன் நிறுத்தறேன்னு இன்னும் வேகமாத் தள்ளுமாம். ‘மோட்டாரைக் கழட்டி ஓட்டிப் பாத்திருந்தா அது தரையில கெடந்து சுத்திட்டுப் போயிருக்கும், நாந்தேன் சோம்பேறித்தனப்பட்டேன்’னு பாக்க வர்ற ஒறம்பரை, சொந்தக்காரங்ககிட்டெல்லாம் சொன்னாரு. அதோட விட்டாரா? ஆளே மாறிப்போயிட்டாரு. மிஷினைச் சுத்தித் தரையில மஞ்சப் பெயிண்டுல கோடு போட்டாரு. ருக்கு, ஓடறப்ப இதைத் தாண்டி வரக்கூடாது. சரி. மிஷின் மேல பூ வேண்டாம், செவுத்துல சாமி படத்துக்குப் போடு. இது எப்படி இருக்குது? ஆபத்து மிஷின்ல, மாலை செவுத்துக்கா?

அன்னையில இருந்து நான் கோட்டுக்கு வெளிய ஸ்டூல் போட்டு உக்காந்து நம்பர் படிக்கறேன். கூடவே நின்னு கத்துக்கிட்டவளை, சந்தைக்கடையில கூவறவளாட்டம் கத்த வெச்சுட்டாரு. நாத்திகன் ஆயிட்டீங்க, அந்தப் பாயி சகவாசம்னு பத்துப் பேரு முன்னால நான் வெச்சு வாங்கியிருக்கேன். கேட்டுக்கிட்டே இருப்பாரு. எட்டு வெரலையும் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு.

பயத்துல அவருக்கு மூளையும் கொஞ்சம் கொழம்பிருச்சோன்னு எனக்குச் சந்தேகம். இப்பெல்லாம் எந்த மிஷின் மாட்டுனாலும் மோட்டாரைக் கழட்டித் தரையில வெச்சுத்தான் மொதல்ல சுத்த வுடறாரு. அதையாச்சும் ஒத்துக்கலாம். அந்தச் செவப்புக் குமிழை அழுத்தறாரு, திருப்பி வுடறாரு, அழுத்தறாரு, திருப்பி வுடறாரு. கொழந்தைக வெளையாடற மாதிரி. சுத்தியும் வெரலை வுட்டுத் தடவிப் பாக்கறாரு. நான் பாத்துட்டு உள்ள போயி அழுதுருக்கேன்.

போன வாரம் பெரிய சண்டை. இப்ப மாட்டியிருக்கற மிஷினு ரொம்பப் பெருசு. ஒரு லாரியில வந்து எறங்குச்சு. அதோட டேபிள்ல ஒரு கட்டிலே போடலாம். ரெண்டு வெரலை வாங்குனதே சின்னதுதான், இது என்னத்தை வாங்கும்? மாலை போட்டே ஆகணும்னேன். முடியாதுன்னாரு. ஏன்னு ஒரு காரணம் சொல்லுங்கன்னேன். என்னையே பாத்தாரு. என்னமோ சொல்ல வந்தாரு, கண்ணு, வாய் வரைக்கும் வந்துச்சு. அப்பறம் ‘ஒண்ணும் இல்ல, என்ற பேச்சக் கேளு’ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. நான் துணியை எடுத்துட்டுப் பல்லடத்துல அண்ணன் வூட்டுக்கு வந்துட்டேன்.

நேத்து அண்ணன் சொல்றாரு, மாப்பிள்ளை நாளைக்கு மிஷினை ஓட்டறாராம்னு. எனக்குச் சோறு எறங்கல. காலையில இருந்து எடது கண்ணு சும்மா துடிக்குது... பொம்பளைக்கு எடது நல்லதுன்னு சொல்லுவாங்கதான், ஆனா எனக்கு எப்பவும் அதுவும் கெட்டதாத்தான் முடியும். போன் போட்டேன். பாயி எடுக்கறாரு. அலோ தங்கச்சிங்கறாரு. கட் பண்ணிட்டேன். மறுக்கா போட்டேன், மறுக்கா அவரேதான். இவரு கையெல்லாம் வேலையா இருக்கும், போனை அவருகிட்ட குடுத்திருப்பாரு. அவருகிட்ட நான் எதுக்குப் பேசணும்? நேரா சந்தைக்குப் போனேன், இதை வாங்குனேன், பஸ்ஸேறிட்டேன்.

போயி என்ன பண்ணப் போறேன்னா, முன்வாசல்ல போனா வுடமாட்டாரு. பின்னாடி கதவு வழியாப் போவேன். எப்படியும் ஓட்டறதுக்கு முன்னால ரெண்டு பேரும் டீக்கடைக்குப் போவாங்க. அந்தச் சமயத்துல கட்டிருவேன். அன்னைக்கு மூணு சுத்துதான் சுத்துனேன், அதுதான் பாதிக் கொறை. இன்னைக்கு நைலான் கயிறு வாங்கியிருக்கேன் பாரு. கட்டர் வெச்சாலும் சீக்கிரம் அறுபடாது. நல்லா அஞ்சாறு சுத்து சுத்தி, இறுக்கி...

என்ன கண்ணு? எதுலயா? அதான் சொன்னேனே, அந்தச் செவப்புக் குமிழுல. அது கழுத்துல. ஏன், மில்லுல உங்க மிஷின்லயும் இருக்குதா? இருக்கும், எல்லா மிஷின்லயும் இருக்கும்போல. உங்க சூப்பர்வைசர் என்ன சொல்லுவாரு? அதுல எதையும் மாட்டக்கூடாதா? துப்பட்டாகூட மாட்டக்கூடாதா? ஏனாம்?

அழுத்துனா அது உள்ள போகணுமா. உள்ள போனாத்தான் மிஷின் நிக்குமா.

என்ன, பேனாவை எதுக்கு எடுக்கற? எழுதற பேனாதான, டிக்கு டிக்குனு அழுத்தறது. சரி. தலை ரப்பர் பேண்டை எதுக்குக் கழட்டற? இதோட கழுத்துல சுத்தறயா... சுத்து. ரெண்டு சுத்து. மூணு. சரி. குடு. அழுத்தணுமா?

போக மாட்டேங்குது.

இரு, நான் இன்னும் கொஞ்சம்... போக மாட்டேங்குது கண்ணு.

...

இல்ல இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல. தண்ணி வேண்டாம். ஜன்னலைத் தொறந்து வுடு.

அவரு அழுத்துனாரு. நான் பாத்தேனே. அடிச்சாரு அதை, உள்ளங்கையில அடிச்சாரு. ஆஸ்பத்திரியில டாக்டரு கேட்டாரு, எடது கையிலதான அடி, வலது உள்ளங்கை ஏன் இப்படிக் கன்னிப்போயி நீலம் பாஞ்சிருக்குதுன்னு. இவரு வுழுந்துட்டேன்னாரு. எங்க வுழுந்தாரு? வுழுகவே இல்லையே. நான் பக்கத்துல நின்னேன், வுழுந்தீங்களான்னு நாங்கூடக் கேக்கல.

அப்ப அவருக்குத் தெரியும். கண்ணு, அவருக்கு அன்னைக்கே தெரியும். ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே பாயி காதுல சொன்னது... வெரலைத் தேடச் சொல்லல. ருக்கு வர்றதுக்கு முன்னால அதை அறுத்து எறிஞ்சுருன்னு சொல்லியிருக்காரு. நான் பாக்கக்கூடாதுன்னு. பாத்தா நான் எந்தக் காலத்துலயாச்சும் புரிஞ்சுக்குவேன்னு. ரெண்டு வெரலு போன மனுசன் அந்நேரத்துல இதை யோசிச்சிருக்காரு.

பாயி தலையைக் குனிஞ்சாரு. நான் அத்தனை பேச்சுப் பேசறேன், ஒரே ஒரு வார்த்தை, நீ கட்டுன கயிறும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அங்கயே செத்திருப்பேன். சொல்லல. மெயினை எறக்குனது அவரு. அந்த ‘தடால்’ சத்தம் அதுதான் கண்ணு, மெயின் சுவிட்ச். என்ற புருசனோட மீதி உசுரை நிறுத்திக் குடுத்தது அவரு கை. அந்தக் கையில நான் தண்ணி குடுக்கல. வெயில்ல நின்னு பரோட்டாக் கடையில தின்னுட்டு வந்தாரு, நான் ஜன்னல் வழியாப் பாத்துட்டு நல்லா வேணும்னு நெனச்சேன்.

ஐயோ, இன்னைக்கு நான் என்ன பண்ண இருந்தேன்? அஞ்சாறு சுத்து. நைலான் கயிறு. பின்னாடி கதவு வழியா. கண்ணு, நான் மிஷினுக்கு ஒண்ணரை வருசமாப் பயந்துட்டு இருந்தேன். பயப்பட வேண்டியது என்னைப் பாத்தில்ல?

அழுகல, அழுகல. யாரும் பாக்காதபடிக்கு உக்காரு. இது எந்த ஊரு? சூலூர் தாண்டிருச்சா? இன்னும் எவ்வளவு நேரம்? சித்த என்ற போனைப் புடிச்சு அவருக்குப் போட்டுக் குடு, எனக்கு நம்பர் தெரிய மாட்டேங்குது, கண்ணு பூரா தண்ணி. ‘ஏங்க’ன்னு போட்டிருக்கும் பாரு. ஆமா, அதுதான்.

மணி அடிக்குது.

அலோ.

கட் பண்ணல. கட் பண்ணலைங்க பாய், நாந்தேன். பஸ்ல இருக்கேன். ஓட்டிட்டீங்களா? இன்னும் இல்லையா? அவரு எங்க? கீழ படுத்துக்கிட்டு வயரு இழுக்கறாரா... வேண்டாம், எழுப்பாதீங்க, வேலை பாக்கட்டும். மோட்டாரைக் கீழ வெச்சு சுத்திப் பாத்தாச்சா? சரி. மெதுவாப் பண்ணச் சொல்லுங்க. நல்ல நேரம் கெட்ட நேரமெல்லாம் பாக்க வேண்டாம். நாளைக்குக்கூட ஓட்டிக்கலாம். நான் வந்தாலும் கோட்டுக்கு வெளியவே நிக்கறேன்னு சொல்லுங்க. இல்ல, ஒண்ணும் ஆகல. யாரும் ஒண்ணும் சொல்லல. சளி புடிச்சிருக்குது, அதான் குரலு இப்படி.

அண்ணா... இருங்க, வெச்சுராதீங்க. நீங்க சாப்டீங்களா?

அலோ. அண்ணா? நான் வந்து சோறாக்கறேன், கடைக்குப் போயிராதீங்க. கொள்ளுப் பருப்பு வெக்கறேன். கேக்குதுங்களா?

போனைக் கீழ வெச்சுட்டாரு கண்ணு. லைன் இருக்குது, பின்னால மிஷின் ஷெட்டு சத்தமெல்லாம் கேக்குது. ‘சென்னி, இன்னைக்குக் கடைக்குப் போகல, தங்கச்சி வந்து சோறாக்குது’ங்கறாரு.